வராவிட்டால் தேடும் கூட்டம்

வேப்பனப்பள்ளிப் பக்கத்து வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "யார்கூடடா பேசிட்டு இருக்கே?" காதில் இயர்போனும் குறுக்காகப் பிடித்த போனுமாக உட்கார்ந்திருக்கும் பையன், தலை நிமிராமல் "பசங்ககூட" என்பான். எந்தப் பசங்க? ஊர்ப் பசங்களா, பள்ளிக்கூடத்துப் பசங்களா, கம்பெனிப் பசங்களா? பெரும்பாலும் இந்த மூன்றிலும் அடங்காத யாரோ ஒருவன். அவன் முகத்தை அம்மா பார்த்ததில்லை. பல சமயம் பையனும் பார்த்ததில்லை.

அந்த அம்மா கேட்பதும் சமூகவியலாளர்கள் பல ஆண்டுகளாக வேறு வேறு சொற்களில் கேட்டு வருவதும் ஒரே கேள்விதான். இணையத்தில் வேஷம் கட்டி விளையாடும் ஒரு கூட்டத்தில் இருப்பது, ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவராக இருப்பது ஆகுமா? "அதெல்லாம் வெறும் கேம்" என்பது ஒரு பதில். "அவங்கதான் என் ஃபேமிலி" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரப் பதில்கள் என்பது என் எண்ணம். இதுவரை அறியப்பட்டதை வரிசையாகப் பார்த்தால் கேள்வியே கொஞ்சம் இடம் மாறிவிடுகிறது.

வேப்பனப்பள்ளியில் நின்று இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த ஓரத்தில் ஒரு பக்கம் ஆந்திரத்துக் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே சந்தையில் புழங்கும். வீட்டில் தெலுங்கும் பள்ளிக்கூடத்தில் தமிழும் வேலையிடத்தில் கன்னடமுமாக வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். சேர்ந்திருப்பது என்றால் ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே மாநிலம் என்று மற்ற இடங்களில் எளிதாகச் சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி என்று நெடுஞ்சாலை நெடுக முளைத்த தொழிற்சாலைகள் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளை வேறு வேறு ஷிப்டில் போட்டிருக்கின்றன. ஒருவன் கம்பெனி பஸ்ஸில் இறங்கும் நேரம் மற்றவன் ஏறும் நேரம். சாயங்காலம் ஒன்றாக மைதானத்தில் நிற்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றாகிவிடுகிறது.

ஆனாலும் வேஷம் கட்டிக் கூடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பாரதம் நடக்கிறது. பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து. பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கு மேலும். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வருபவரை அந்த இரவு முழுக்க ஊர் துரியோதனன் என்றே பார்க்கும். அர்ச்சுனன் தபசுக் கம்பத்தின் மேலிருந்து விழும் எலுமிச்சம் பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி இருப்பார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி ஊரே பாத்திரமாகிவிடும். அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. வாத்தியார் வைத்துப் பழகி, தாங்களே வேஷம் கட்டுகிற ஊர்களும் உண்டு. பகலில் மாந்தோப்பில் வேலை செய்கிறவர் இரவில் வீமன். அவர் ஒரு நாள் ஒத்திகைக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கே ஆள் போகும்.

இந்தக் கூத்தில் ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. துகில் உரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, திரௌபதியாக நிற்பவரையும் அம்மனையும் கும்பிட்டு, நான் செய்யப்போவது வேஷத்தின் செயல், என் செயல் அல்ல என்று மன்னிப்புக் கேட்பார். அதன் பிறகுதான் கதை தொடரும். வேஷத்துக்கும் ஆளுக்கும் நடுவே எல்லாரும் பார்க்க ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. வேஷக் கூட்டம் ஒன்று பிழைத்திருக்க இப்படி ஒரு கோடு வேண்டும் என்பதை இணையம் வேறு வழியில் கற்றுக்கொண்டது. அதற்கு அது விலையும் கொடுத்தது.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், பலர் ஒரே சமயத்தில் நுழையக்கூடிய விளையாட்டு உலகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அவருடைய நண்பர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். மட் என்று பெயர். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 1986-இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ஹேபிடட் வந்தபோது, திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டது நம்முடைய சொல்லை: அவதாரம். மேலிருந்து இறங்கி வேறொரு உடல் எடுப்பது என்ற பொருள் அப்படியே பொருந்திவிட்டது. ராஜஸ்தானின் பாட் சமூகத்துக் கதைசொல்லிகளிடையே களப்பணி செய்த மானுடவியலாளர் ஜெஃப்ரி ஸ்னாட்கிராஸ் பிற்பாடு இணைய விளையாட்டுகளைப் பற்றியும் எழுதினார். சாமி வந்து ஆடுவதையும் விளையாட்டில் இன்னொருவராக மாறுவதையும் ஒரே மனத் திறனின் இரண்டு முகங்களாக அவர் பார்க்கிறார். கூத்துக்களத்தில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

கோடு கிழிக்காமல் போனால் என்ன ஆகும் என்பது 1993-இல் தெரிந்தது. லாம்டாமூ என்ற எழுத்து உலகில், பங்கிள் என்ற வேஷத்தில் இருந்த ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் அவர்களுடைய விருப்பமில்லாமலே ஆபாசச் செயல்களில் ஈடுபடுவதுபோல் எல்லாரும் பார்க்க எழுதிக் காட்டினார். எழுத்துதானே என்று யாரும் விட்டுவிடவில்லை. வேஷத்துக்கு நேர்ந்த அவமானம் வேஷம் கட்டியவர்களைத் தைத்தது. அங்கிருந்தவர்கள் கூடி வாதாடினார்கள். பஞ்சாயத்து முடியாமல் இழுத்தது. கடைசியில் நிர்வாக அதிகாரம் இருந்த ஒருவர் பங்கிளை நீக்கினார். அதற்குப் பிறகு, மனு கொடுத்து வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுக்கும் முறை அந்த உலகத்தில் வந்தது. ஜூலியன் டிபெல் அதே ஆண்டு டிசம்பரில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் வாசிக்கப்படுகிறது. கூத்தில் கற்பூரம் செய்கிற வேலையை அங்கே வாக்குச்சீட்டு செய்ய வேண்டியிருந்தது.

1990-களின் கடைசியில் அல்டிமா ஆன்லைன், எவர்க்வெஸ்ட், 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நடமாடும் உலகங்கள் வந்தன. வார்கிராஃப்டுக்கு 2010-இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். கில்டு என்ற ஆட்டக்குழு அமைப்பு இந்த விளையாட்டுகளில்தான் உறுதியாக வேர்விட்டது. வார்கிராஃப்டின் ஆரம்பகாலப் பெரிய போர்களுக்கு 40 பேர் வேண்டும். முன்னால் நின்று அடி வாங்குபவர், காயத்தை ஆற்றுபவர், தாக்குபவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. ஆற்றுபவர் அன்று கரண்ட் போய் வராவிட்டால் மற்றவர்கள் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் பொருளோ இரண்டோ மூன்றோதான். நாற்பது பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? எவர்க்வெஸ்ட் காலத்திலேயே விளையாடுபவர்கள் இதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். வந்து உழைத்த ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி, சேர்ந்த புள்ளியைக் கொடுத்துப் பொருள் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் இதைச் செய்து தரவில்லை. நம் பக்கத்து ஏலச்சீட்டைப் போல, நம்பிக்கையையும் ஒரு நோட்டையும் மட்டும் வைத்து ஜனங்களே நடத்திய ஏற்பாடு இது. ஒரு கூட்டம் தனக்கான நியாயத்தைத் தானே எழுதிக்கொள்ளும்போது அதை வெறும் கேம் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள்? வீடும் வேலையிடமும் தவிர மனிதருக்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று ரே ஓல்டன்பர்க் 1989-இல் எழுதினார். யாரும் யாரையும் அழைக்காமல் வந்து உட்கார்ந்து பேசும் இடம். நமக்குத் திண்ணை, டீக்கடை, கோயில் மரத்தடி. கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலரும் டிமிட்ரி வில்லியம்ஸும் 2006-இல் இணைய உலகங்களை இந்த அளவுகோலால் அளந்து, அவையும் மூன்றாம் இடங்களே என்றார்கள். அதோடு நிற்காமல் ஒரு எச்சரிக்கையும் வைத்தார்கள். பழக்கமில்லாத விதவிதமான மனிதர்களை அறிமுகம் செய்வதில் இவை வலுவானவை, ஆபத்துக்கு ஓடி வரும் ஆழமான பிணைப்பைத் தருவதில் அவ்வளவாக இல்லை. கில்டு மும்முரமாக ஆக ஆகத் திண்ணையின் இலகுத்தன்மையும் குறைகிறது. அதே ஆண்டு நிக்கோலஸ் டூஷெனோ, நிக் யீ உள்ளிட்டோர் வார்கிராஃப்டின் சர்வர்களில் தொடர்ந்து கணக்கெடுத்து இன்னும் கறாரான முடிவுக்கு வந்தார்கள். நிறையப் பேர் பெரும்பாலான நேரம் தனியாகவே விளையாடுகிறார்கள். சுற்றிலும் மற்றவர்கள் நடமாடுவது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது, ஆனால் சேர்ந்து எதுவும் செய்வதில்லை. கில்டு பட்டியலில் பெயர் இருந்தாலும் பழகுவது சிலரோடுதான்.

இந்த இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதாகப் பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு யாரோடும் பேசாமல் தினமும் உட்காருகிற பெரியவர் அந்தக் கடையைச் சேர்ந்தவரா இல்லையா? மூன்று நாள் அவர் வராமல் போனால் கடைக்காரர் விசாரிக்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எவ்வளவு பேசினார், எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற கணக்கு இதில் உதவாது. அவர் இடம் காலியாக இருப்பது யார் கண்ணிலாவது படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனின் கதை இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. 1989-இல் பிறந்த அவருக்குத் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டூஷேன் நோய். சக்கர நாற்காலி, பிறகு விரல்கள் மட்டும் அசையும் நிலை. ஆஸ்லோவில் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வார்கிராஃப்ட் ஆடினார். மகன் தனிமையில் வாடுகிறான், நட்போ காதலோ அறியாமல் போகப்போகிறான் என்று பெற்றோர் வருந்தினார்கள். நம் வீட்டு அம்மாக்களின் கவலைதான் அது. 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தார். மகன் விட்டுச்சென்ற கடவுச்சொல்லை வைத்து அவருடைய இணையப் பக்கத்தில் தந்தை இறப்புச் செய்தியை இட்டார். எதிர்பாராத விதமாகக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஐபெலின் என்ற பெயரில் ஸ்டார்லைட் என்ற கில்டில் அவர் இருந்திருக்கிறார். யாருக்கோ குடும்பச் சிக்கலில் ஆலோசனை சொல்லியிருக்கிறார், மகனோடு பேச்சற்றுப் போன ஒரு தாய்க்கு வழி காட்டியிருக்கிறார். இறுதிச் சடங்குக்கு ஐரோப்பாவின் வேறு வேறு நாடுகளிலிருந்து கில்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பென்யமின் ரீ இயக்கிய ஆவணப்படம் 2024-இல் இதை உலகுக்குக் கொண்டு சேர்த்தது.

இதை இனிமையான கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் நோயைப் பற்றி அவர் நெடுநாள் கில்டில் சொல்லாமலே இருந்தார். மற்றவர்களோடு கோபப்பட்டும் இருக்கிறார், மனதைப் புண்படுத்தியும் இருக்கிறார். எல்லா உறவையும் போலத்தான். உடம்பு முடியாமல் அவர் வராத நாட்களில் அங்கே கேள்வி எழுந்தது. பெற்றோர் அறியாத ஓர் ஊரில் அவர் இடம் காலியாகக் கிடந்ததை ஆட்கள் கவனித்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வர் இருந்ததே இல்லை. ஐரோப்பாவிலோ வேறெங்கோ இருந்த சர்வரில் பிங் (சர்வர் பதில் தரும் தாமதம்) எகிற எகிற ஆடியவர்கள் உண்டு. மாதச் சந்தா வெளிநாட்டுப் பணத்தில். ரக்னராக் ஆன்லைன் சில காலம் இந்தியாவுக்கென்றே சர்வர் வைத்து நடந்து, நின்றுபோனது. பிரவுசிங் சென்டர் காலத்துப் பசங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். கிருஷ்ணகிரிச் சீமையின் கிராமங்கள் இந்த உலகத்துக்குள் கூட்டமாக நுழைந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மலிவு விலை ஆண்ட்ராய்டு போன் கைக்கு வந்த பிறகுதான். அதனால் இங்கே பெரும்பாலோர் அறிந்தது கில்டு அல்ல, நான்கு பேர் ஸ்குவாட். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் இரண்டும் கதாபாத்திர விளையாட்டுகள் ஆகா என்று இலக்கணம் பேசுபவர்கள் சொல்லலாம். விழுந்தவனைத் தூக்கிவிட இன்னொருவன் குண்டு மழையில் ஓடி வர வேண்டும் என்ற விதி மட்டும் அவற்றிலும் இருக்கிறது. வேப்பனப்பள்ளியில் ஒருவன், குப்பத்தில் ஒருவன், பங்காருப்பேட்டையில் ஒருவன் என்று சேரும் ஸ்குவாட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் ஓடுவது இந்த எல்லைக்கு இயல்பான காரியம். வரைபடத்தில் மூன்று மாநிலமாகப் பிரிந்துபோன ஒரு பழைய புழங்குவட்டம், மைக்கில் மறுபடி கூடிக்கொள்கிறது.

முழுமையான வேஷம் தமிழில் நடப்பது ரோல்பிளே (ஆர்பி) சர்வர்களில். ஜிடிஏ 5 விளையாட்டின் நகரத்தை ஃபைவ்எம் என்ற மென்பொருளால் தனி உலகமாக மாற்றி, தமிழ் பேசுபவர்களே நடத்தும் சர்வர்கள் இருக்கின்றன. யூடியூபில் அவற்றை நேரலையாகப் பார்ப்பவர்களும் ஏராளம். ஒருவர் போலீஸ், ஒருவர் மெக்கானிக், ஒருவர் டாக்டர், ஒருவர் ரவுடி. உள்ளே நுழைய விண்ணப்பம், சில சர்வர்களில் நேர்முகத் தேர்வு. விதிகளைக் கவனித்தால் கூத்து வாத்தியார் எழுதியதோ என்று தோன்றும். துப்பாக்கி நெற்றியில் இருக்கும்போது பயப்படாதவன்போல் நடிக்கக் கூடாது. பாத்திரத்துக்குத் தெரியாத செய்தியை, வெளியே நேரலையில் பார்த்துத் தெரிந்துகொண்டு உள்ளே பயன்படுத்தக் கூடாது. காரணமில்லாமல் யாரையும் சுடக் கூடாது. பாத்திரமாகப் பேசுவதற்கும் ஆளாகப் பேசுவதற்கும் தனித்தனி இடம். உள்ளே பரம வைரிகளாக மோதியவர்கள் முடிந்ததும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கூடி, காட்சி எப்படி வந்தது என்று பேசுவார்கள். மத்தளம் நின்ற பிறகு துரியோதனனும் வீமனும் ஒன்றாக டீ குடிப்பதைப் போல.

யாருக்கு இடமில்லை என்பதையும் பேச வேண்டும். பாரதத்துக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் ஊர், எந்தத் தலையைக் கட்டில் சேர்ப்பது என்பதில் சாதி பார்த்த வரலாறு உண்டு. பெண் வேஷத்தையும் ஆணே கட்டினார். இணையத்தில் சேரியா ஊரா என்று யாரும் முதலில் கேட்பதில்லை, அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் பெண் குரல் கேட்டதும் ஸ்குவாட்டின் பேச்சு மாறுகிறது. அதனால் பல பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுகிறார்கள். உலகம் முழுக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை இது. தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் தங்கியிருக்கும் வட்டாரம் நம்முடையது. ஊர் விட்டு வந்த அவர்களுக்கு இப்படி ஒரு திண்ணை யாரையும்விட அதிகம் தேவை. குரலை மறைத்துக்கொண்டால்தான் உட்காரலாம் என்ற திண்ணை பாதித் திண்ணைதான். பசங்க கையில் இருக்கிற தவறு இது, அவர்களால் திருத்த முடிந்ததும்கூட.

அம்மாவின் பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாவது, கேடு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிப்பது என்று அதற்கு அடையாளம் வகுத்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இலேயே இதற்கென ஷட் கிளினிக் தொடங்கியது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது எட்டும் தூரம்தான். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் ஆடி, மறுபடி இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு விரலே போகலாம். தேடுகிற கூட்டம் இருப்பதே இழுவையாகவும் மாறும் என்பதை மறுக்க முடியாது. நான் போகாவிட்டால் நாலு பேர் ஆட்டம் கெடும் என்று எழுந்து உட்காருகிறவனை அவனுடைய நல்ல குணமே விழிக்க வைக்கிறது. நல்ல கில்டுகள் இதை அறிந்து நேரம் வகுத்துக்கொள்கின்றன, மாற்று ஆள் வைத்துக்கொள்கின்றன.

இதையும் சூதாட்டத்தையும் ஒன்றாகக் குழப்புவது வேறொரு தவறு. ரம்மியில் பணம் தொலைத்தவர்களின் துயரம் தமிழ்நாட்டில் 2022-இல் தனிச் சட்டமே கொண்டுவர வைத்தது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக் கூடாது என்ற 2025-ஆம் ஆண்டு விதியும் பணம் கட்டி ஆடுபவற்றுக்கானது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பண விளையாட்டு, மின்விளையாட்டுப் போட்டி, சமூக விளையாட்டு என்று பிரித்தே பேசுகிறது. சட்டம் கிழித்த அந்தக் கோடு வீட்டுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: இவர்கள் கூடும் களம் யாருடையது? கூத்துத் திடல் ஊர்ப் பொது. வரி கட்டுகிறோம், பந்தல் போடுகிறோம், அடுத்த ஆண்டும் அந்த இடம் அங்கேயே இருக்கும். 2020 செப்டம்பர் 2 அன்று தடைபட்ட 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைலும் தடை செய்யப்பட்டு, அக்டோபர் 30-ஆம் தேதி சர்வர் நின்றது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். பப்ஜிக்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ அதே ஆண்டு ஜூலையில் எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அரசின் காரணங்கள் பாதுகாப்பைப் பற்றியவை, அந்த விவாதம் வேறு. கூட்டங்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் பார்க்கலாம். போன் நம்பர் வாங்கி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். விளையாட்டுப் பெயரை மட்டும் அறிந்திருந்தவர்கள் ஒரே இரவில் ஒருவருக்கொருவர் இல்லாமல் போனார்கள்.

நிறுவனங்களும் இதையே செய்கின்றன. சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டை என்சிசாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. கடைசி இரவு ஆட்டக்காரர்கள் உள்ளே கூடி நின்றார்கள். பிறகு கலைந்து போகவில்லை. வெளியே பேசிக்கொண்டே இருந்து, ஆண்டுகள் கழித்துத் தாங்களே சர்வர் வைத்து அந்த ஊரை மறுபடி எழுப்பினார்கள். ஹோம்கமிங் என்று பெயர். 2024 ஜனவரியில் அதே நிறுவனம் அவர்களுக்கு முறையான உரிமம் வழங்கியது.

தமிழ் ஆர்பி சர்வர் நடத்துபவர்களும் ஒரு வகையில் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். மாத வாடகை கட்டி, விதி எழுதி, சண்டை தீர்த்து, ஒரு திடலைத் தாங்களே பிடித்து வைத்திருக்கிறார்கள். அடிமனையான விளையாட்டு மட்டும் இன்னும் இன்னொருவருடையது. "யார்கூடடா பேசிட்டு இருக்கே?" என்று கேட்கும் அம்மா அடுத்த முறை ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: "நாலு நாள் நீ போகலைன்னா, அவங்கள்ல யாராச்சும் உன்னைத் தேடி நம்ம வீட்டுக்கு போன் பண்ணுவாங்களா?" பையன் கொஞ்சம் யோசித்து ஒரு பெயர் சொன்னால், அந்தப் பெயரையும் நம்பரையும் வீட்டு காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.